பட்டன் உன் சித்தியின் கையில்

அன்பு மிளகுக்கு,

இரு சக்கர உலகின் முடிசூடா மன்னனும், இந்த நகரத்தில் நடுவழியில் நின்றுபோகும் அத்தனை லிஃப்டுகளுக்கும் குலவைத்தியனுமாகிய உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், உன் சித்தி என்னைவிடச் சௌக்கியம், உன் பேரில் பதிவாகி என் பேரில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள் எங்கள் இருவரையும்விடச் சௌக்கியம். உன் அப்பா அம்மா போன வாரம் கப்பலில் இருந்து பேசினார்கள், இன்னும் ஒரு மாதத்துக்குக் கரை கிடையாதாம், வழக்கம்போல உன் அப்பாவுக்குப் பாதி பேச்சிலேயே லைன் போய்விட்டது. நீயும் அங்கே சளி, காய்ச்சல், மேனேஜர் என்று எந்தத் தொற்றும் அண்டாமல் நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன்னோடு வாதாட என்னால் ஆகாது. நீ மூச்சு வாங்கும் இடைவெளியில் நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து விழுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அந்த ஒரு சௌகரியத்துக்காகவே மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தோத்துட்டீங்கல்ல சித்தப்பா, சொன்ன சொல்லைக் காப்பாத்துங்க, மாமா ஆள் பார்த்து வெச்சிருக்கார், இந்த வாரமே பேப்பர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன் என்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிட்டாய். என் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். ஆமாம், தோற்றேன். வண்டியைத் தரமாட்டேன்.

கோபப்படாமல் முழுக்கப் படி, ஏனென்றால் உனக்கு இதுவரை சேதி சொன்ன நிருபர் உன் கரண்ட் மாமா. உன் சித்தியின் தம்பி என்பதால் மரியாதையாகவே எழுதுகிறேன்: அவன் இன்சூரன்ஸ் விற்கிறவன், ஒரு மனிதனைப் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பதற்குமுன் இவன் எப்போது போவான் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறவன். அவன் வாயிலிருந்து வந்த கதையில் நான் ஏதோ வெடிகுண்டின்மேல் உட்கார்ந்து ஊர்வலம் போகிற மாதிரி இருந்திருக்கும். நடந்தது வேறு. தினமும் காலையில் உன் சித்தியைப் பல் கிளினிக்கில் இறக்கிவிடப் போகும்போது அந்த மேம்பாலம் ஏற வேண்டும் அல்லவா. நீ ஓட்டிய காலத்தில் அது சாதாரணப் பாலம்தான், இப்போது எப்படியோ வளர்ந்து மலையாகிவிட்டது. நானும் சித்தியும் அவள் சாப்பாட்டுப் பையும் என் ஸ்பானர் பெட்டியும் ஏறினால் வண்டி பாதிப் பாலத்தில் பெருமூச்சு விடும், அதற்குப் பக்கத்தில் நத்தை ஒன்று இண்டிகேட்டர் போட்டு எங்களை முந்திப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கரண்ட் மாமா அந்த எலெக்ட்ரிக் வண்டியை வாங்கினான் பார், அன்றைக்குப் பிடித்தது சனியன். சத்தமே இல்லாமல் ஆவி மாதிரி பின்னால் வந்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, அத்தான், தள்ளி விடட்டுமா என்று கேட்டுவிட்டு விசுக்கென்று போனான். ஒருநாள் இல்லை, தினமும். பின்னால் உட்கார்ந்து உன் சித்தி சிரித்தாள். தம்பி கேட்டது வலிக்கவில்லை, பெண்டாட்டி சிரித்தது வலித்தது.

அப்போதுதான் நைட்ரஸ் என்ற அந்தத் திவ்ய வஸ்துவை என் மெக்கானிக் வாத்து எனக்குச் சொன்னான். அவன் நடை அப்படி, அதனால் வாத்து, மூளை அப்படி இல்லை. எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியக் காற்று வேண்டும், காற்றில் எரிக்க உதவுகிற சரக்கு கொஞ்சம்தான் இருக்கிறது, நைட்ரஸ் ஆக்சைடில் அது ஏராளம். அதைத் திரவமாகச் சிலிண்டரில் அடைத்து வண்டியில் மாட்டி, பட்டனை அமுக்கினால் வால்வு திறந்து அதுவும், கூடவே கொஞ்சம் பெட்ரோலும் சேர்ந்து எஞ்சினுக்குள் பீய்ச்சும். கழுதையாக இருந்தது குதிரையாகும், குதிரைக்கும் இறக்கை முளைக்கும். ஆனால் இரண்டும் சரியான அளவில் போக வேண்டும், அண்ணே, பெட்ரோல் மட்டும் அதிகமா போனா எஞ்சின் திக்குமுக்காடும், கேஸ் மட்டும் அதிகமா போனா பிஸ்டன் மெழுகா உருகும் என்று வாத்து எனக்குப் படித்துப் படித்துச் சொன்னான். நான் முதல் பாதியைக் கேட்டபோதே கனவு காண ஆரம்பித்துவிட்டேன், இருந்தாலும் மீதியும் காதில் விழுந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் இந்த நைட்ரஸ் வேறு யாரும் இல்லை, உன் சித்தி கிளினிக்கில் பயந்தவர்களுக்கு மூக்கில் வைத்து விடுகிற அதே சிரிப்பு வாயுதான். இத்தனை வருஷமாக அந்தக் கேஸோடு குடும்பம் நடத்துகிறவள் அவள். அதனால் நான் வெகு இயல்பாக, வீட்டில் உப்புக் கேட்பதுபோல, ஒரு சின்ன சிலிண்டர் கைமாற்றாகக் கிடைக்குமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் மூக்குக் கண்ணாடிக்கே வியர்த்தது. அது பேஷண்டோட கேஸ், உங்க வண்டிக்குப் பல்லா வலிக்குது என்றாள். பிறகு முறையாக ரேஸ் சாமான் விற்கிற கடையில் வண்டிக்கென்றே உள்ளதை வாங்கினேன். அதில் யாரும் மூக்கை வைத்துவிடக் கூடாது என்று அணைந்த தீக்குச்சி நாற்றத்தைக் கலந்தே விற்கிறார்கள், உன் கரண்ட் மாமா நல்லது என்று நினைத்து ஒருமுறை குனிந்து மோந்துவிட்டு ஒரு மணி நேரம் தும்மினான், அது தனிக் கதை. சிலிண்டர் வீட்டுக்குள் வந்த அன்றைக்குத்தான் உன் சித்தி உனக்குப் போன் போட்டு அழுதாள். நீயும் வண்டிக்குச் சொந்தக்காரி என்ற தோரணையில் அதை விற்றுவிடச் சொன்னாய். நான் மறுத்தேன். நீ எரிச்சலில், சரி, மாமா வண்டியை ஒரே ஒரு தடவை ஜெயிச்சுக் காட்டுங்க, அப்புறம் நான் வாயே திறக்கலை, தோத்தா வித்துடணும் என்றாய். என்னால் முடியாது என்று நினைத்துத்தான் சொன்னாய், எனக்குத் தெரியாதா, நான் வளர்த்த பெண். நானும் ரோஷத்தில் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பந்தயம் தெருவில் இல்லை, அதை முதலில் மனதில் வை. மருந்து தெளிக்கிற குட்டி விமானங்கள் இறங்குகிற பழைய ஓடுதளம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது, அதை ஒரு பைக் கிளப் ஞாயிறுதோறும் வாடகைக்கு எடுத்து, நம்மைப்போன்ற மகாவீரர்கள் தங்கள் தெரு வண்டிகளை இரண்டிரண்டாக நேர்கோட்டில் ஓட்டிப் பார்க்க விடுகிறது. பேர் கொடுத்துவிட்டு வந்து சொன்னேன். உன் சித்தி பாத்திரம் கழுவினாள், கழுவியதையே மறுபடியும் கழுவினாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் சொன்னா நிறுத்தப் போறதில்லை, அப்ப கேஸ் என் கையில இருக்கட்டும் என்றாள். கிளினிக்கில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டாம். பல்லைக் குடைகிற கை கேஸ் குழாயைத் தொடக்கூடாது. குடைகிறவருக்குக் குடைவதில்தான் கண் இருக்கும், பேஷண்டின் மூச்சு அவர் காதில் விழாது, ஆகவே கேஸ் எப்போதும் இன்னொருவர் கையில். மூச்சு கொஞ்சம் மாறினாலும் டாக்டரைக் கேட்காமலே இவள் மூடிவிடலாம், ஏன் மூடினாய் என்று டாக்டர் கேட்கக் கூடாது. அந்தச் சட்டம் இனிமேல் வண்டிக்கும் என்று தீர்ப்பு வந்தது. ஆக்சிலேட்டர் எனக்கு, பட்டன் அவளுக்கு. வாத்து வயரைப் பின் சீட்டுக்கு இழுத்து, பட்டனை அவளுடைய கையுறையிலேயே வைத்துக் கட்டிக் கொடுத்தான். விரலை எடுத்தால் கேஸ் நின்றுவிடும். உலகச் சரித்திரத்தில் பின் சீட்டில் எஞ்சின் வைத்துக்கொண்ட ஒரே மோட்டார் சைக்கிள் நம்முடையது.

ஞாயிற்றுக்கிழமை ஓடுதளத்தில் கொடி பிடிக்கிற ஆள் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தான். ரெண்டு பேரா, இது என்ன பெரியவரே, குடும்பத்தோட வெளியூர் கிளம்பிட்டீங்களா என்றான். ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட், தடித்த ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் போட வேண்டும் என்றுதான் உங்கள் விதியில் இருக்கிறது, எத்தனை பேர் என்று எங்கே இருக்கிறது, காட்டு என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். உன் சித்தி, தம்பி, நான் சும்மா உக்காரலை, வேலையா உக்கார்றேன் என்றாள். அந்தக் குரலுக்கு வாய் திறக்காத பேஷண்டே கிடையாது, கொடிக்காரன் எம்மாத்திரம். பக்கத்தில் கரண்ட் மாமா வந்து நின்றான். கொடி இறங்கியது. நான் ஆக்சிலேட்டரை முறுக்கி, இப்போ என்று கத்தினேன், அவள் அமுக்கினாள். மகளே, இறக்கை முளைக்கவில்லை. இருமல் முளைத்தது. வண்டி குக்கு குக்கு என்று இருமி, பின்னால் கறுப்புப் புகையாகக் கக்கி, பத்தடியில் நின்றே போனது. ஓடுதளமே இருட்டிவிட்டது, விமானங்கள் ராத்திரி என்று நினைத்து விளக்குப் போட்டிருக்கும். கரண்ட் மாமா மறுமுனைக்குப் போய்த் திரும்பியும் வந்து, தள்ளி விடட்டுமா என்றான்.

வாத்து குனிந்து பார்த்துவிட்டு, இதை யார் நிமிர்த்தினது என்று அலறினான். எங்கள் சிலிண்டர் வாய் கீழே வரும்படி கவிழ்த்து மாட்டுகிற வகை, அப்போதுதான் திரவம் குழாய்க்கு வரும், நிமிர்ந்து நின்றால் மேலே இருக்கிற ஆவி மட்டும்தான் வரும், கூடப் போகிற பெட்ரோலோ முழு அளவில் போய்க் கொட்டும், எஞ்சின் மூழ்கும். வாத்து சரியாகத்தான் கவிழ்த்து மாட்டியிருந்தான். முந்தின நாள் உன் சித்தி வண்டியைத் துடைக்கப் போனவள், கேஸ் சிலிண்டர் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்துப் பதறி, கிளினிக்கில் அப்படி ஒன்றைப் பார்த்தால் ஆளையே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்பதால், பட்டையைத் தளர்த்தி, அழகாக நிமிர்த்தி வைத்து, மறுபடியும் இறுக்கி, மேலே ஒரு துணியும் போர்த்திவிட்டு வந்திருக்கிறாள். எங்க கிட்ட எல்லாம் நிமிர்ந்துதான் நிக்கும் என்றாள். அக்கா, அங்க மூக்குக்கு ஆவி வேணும், இங்க எஞ்சினுக்குத் தண்ணியா வேணும் என்று வாத்து கிட்டத்தட்ட அழுதுவிட்டான். நான் சிரித்ததில் ஹெல்மெட் கழன்று விழுந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அடக்கிக்கொண்டாள், ஊதா நிறம் ஆனாள்.

இது ஓட்டத்தில் சேராது, எஞ்சின் நின்றுபோன ஓட்டம் கணக்கில் இல்லை என்று நான் வாதாடினேன். சேரும் என்றான் கரண்ட் மாமா. இந்த வழக்கு நண்பகல் வெயிலில் வெகுநேரம் நடந்தது, கொடிக்காரன் நீதிபதி, சுற்றி நின்ற பையன்களெல்லாம் எங்கள் பக்கம், கடைசியில் இன்னொரு ஓட்டம் என்று முடிவானது. அதுவரை வண்டி வெயிலில் நின்றது. இதை ஞாபகம் வைத்துக்கொள், இனி நான் எழுதப்போவது மிகை இல்லை.

இரண்டாவது முறை கொடி இறங்கியது. அவள் அமுக்கினாள். மிளகு, எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வந்தவன் நான், லிஃப்டுக் குழிக்குள் கிரீஸ் நாற்றத்தில் கழுத்தை அண்ணாந்தே பாதி வயசைக் கழித்தவன், நேராகப் போவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரோ பின்னாலிருந்து ஒரு கட்டிடத்தையே தூக்கி எங்கள் முதுகில் சாத்தித் தள்ளியதுபோல இருந்தது. ஒரு கூச்சல் கேட்டது. செயின்தான் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். உன் சித்தி. சந்தோஷத்தில் கத்துகிறாள். நீ பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தபோதுகூட அவள் அப்படிக் கத்தியதில்லை, கைதான் தட்டினாள். எத்தனை பேருடைய வலியைத் தணிக்க அந்தக் கேஸைத் திறந்துவிட்டிருப்பாள், தனக்கென்று திறந்தது அன்றைக்குத்தான். கரண்ட் மாமா எங்களுக்குப் பக்கத்தில் வந்தான், அப்புறம் பின்னால் போனான், அவன் முகம் என் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனது, அந்தக் காட்சியை ஃபிரேம் போட்டு மாட்ட முடியாததுதான் வருத்தம். பந்தயம் முடிகிற கோடு தெரிந்தது. அப்போது கேஸ் நின்றது. வண்டி சட்டென்று பழைய கழுதை ஆனது, அந்த எலெக்ட்ரிக் ஆவி ஒரு சக்கர நீளத்தில் எங்களைத் தாண்டிப் போய்க் கோட்டைத் தொட்டது.

இறங்கியதும் கத்தினேன். ஏன் விட்டே, ஏன் விட்டே என்று கையை ஆட்டிக்கொண்டு குதித்தேன். கிளினிக் சட்டப்படி கேட்கக் கூடாத கேள்வி. அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, மூச்சு மாறிச்சு என்றாள். எஞ்சினுக்குள் சரளைக்கல் உருண்டதுபோல டொக்டொக் என்று ஒரு சத்தம் வந்ததாம். எனக்குக் கேட்கவே இல்லை. நான் கண்ணாடியில் அவள் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினான், அதன் முனையில் மணல் மாதிரி வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. அது பிஸ்டனின் தூள். வெயிலில் நின்றதில் சிலிண்டர் சூடேறி உள்ளே அழுத்தம் கூடிவிட்டது, கேஸ் அதிகமாகப் போனது, பெட்ரோல் பழைய அளவிலேயே போனது. இன்னும் கொஞ்சம் அமுக்கியிருந்தா பிஸ்டன் ஓட்டை, பின் சக்கரம் இறுகியிருக்கும், அந்த வேகத்துல ரெண்டு பேரும்... என்று சொல்லி வாத்து முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. வழக்கமாக நான் எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவன், இதை உனக்கு உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறேன். உன் கரண்ட் மாமா இதை உனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் அவனுக்குத் தெரியாது, அவன் அப்போது வெற்றிவீரனாகப் பையன்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். நான் சொல்லாமல் விட்டிருந்தால் உனக்கு எப்போதும் தெரிந்திருக்காது. நீ பயந்தது வீண் பயம் இல்லை. போதுமா?

இத்தனையும் எழுதிவிட்டு வண்டியைத் தரமாட்டேன் என்கிறானே, இவனுக்கு என்ன கொழுப்பு என்று நினைப்பாய். கொழுப்புத்தான். மறுநாள் காலையில் கரண்ட் மாமா வாங்குகிற ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் வாசலில் நின்று வீர உரை ஆற்றத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் உன் சித்தி, வேலைக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டியிருந்தவள், வந்து ஷெட் கதவில் சாய்ந்துகொண்டாள். வண்டியைக் கொஞ்சம் பார்க்கலாமாம்மா என்றார் வந்தவர். பார்க்க முடியாது, சிகிச்சையில இருக்கு என்றாள். பந்தயத்தில் தோற்றால் விற்பது என்று பேச்சு இருக்கிறதே அக்கா என்றான் தம்பி. தோத்தது யாரு, ஓட்டினவரா, நானா என்று கேட்டாள். பதிலையும் அவளே சொன்னாள். நான் விட்டதால தோத்தோம், நான் வாக்கு கொடுக்கலையே, கொடுத்தவர் அவரு, அவர்கிட்ட சாவி இல்லை, என்கிட்ட இருக்கு என்றாள். அவள் அழுதுகொண்டே உனக்குப் போன் போட்டவள்தான், அதே ஆள்தான். நான் ஆற்ற வேண்டிய உரைக்கு வேலையே இல்லாமல் போனது. வாங்க வந்தவர் என்னைப் பார்த்து, கை கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகவே மகாராணி அவர்களே, நிலைமை இதுதான். வண்டி உன் பேரில் இருக்கிறது, பேப்பரில் கையெழுத்துப் போட்டு அனுப்ப உனக்கு முழு உரிமை உண்டு. அதை வாங்கி வைத்துக்கொள்ள எங்களுக்கும் ஒரு டிராயர் உண்டு. தெருவில் ஓட்டும்போது சிலிண்டரைக் கழற்றிவிடுவோம், அது வெயில் படாத இடத்தில் பூட்டியிருக்கும், மேம்பாலத்தில் நான் பழையபடி பெருமூச்சு விட்டுக்கொண்டே ஏறுவேன், உன் மாமா என்னவேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும். வாத்து புதுப் பிஸ்டன் போடுகிறான், சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் முள் ஒன்றும் பின் சீட்டில் இருப்பவள் பார்க்கும்படி வைக்கிறான். முள் சிவப்பைத் தொட்டால் அன்றைக்கு ஓட்டம் இல்லை, நான் காலில் விழுந்து கெஞ்சினாலும் இல்லை. இதற்குமேல் ஒரு அங்குலம்கூட இறங்கிவர மாட்டேன். சோபாவில் உட்கார்ந்து பத்திரமாகத் தேய்ந்துபோகச் சொல்லாதே, அந்தப் பத்திரம் எங்களுக்கு வேண்டாம். அடுத்த ஓட்டம் நீ லீவில் வருகிற வாரம் என்று பேர் கொடுத்தாகிவிட்டது. வந்து கொடியை நீயே இறக்கு, கொடிக்காரனிடம் பேசிவிட்டேன். பார்க்கப் பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறக்கு. நீ வராவிட்டாலும் ஓடுவோம்.

வேளைக்குச் சாப்பிடு, இரவில் போனை நோண்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, குளிர் நாட்டில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, உன்னை மிரட்டுகிறவர்கள் எல்லாம் உனக்கு டீ வாங்கிக் கொடுக்கும் காலம் வந்து, நீ நூறு வருஷம் எங்களைத் திட்டிக்கொண்டே நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மறக்காதே, வந்த கையோடு உன் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், தேதி தாண்டப் போகிறது.

இப்படிக்கு,
தோற்றும் தலைவணங்காத,
உன் அன்புச் சித்தப்பா

மிளகு, சித்தப்பா வெளியே போயிருக்கும் நேரத்தில் இதைப் படித்தேன். நத்தை பொய். பத்தடி இல்லை, கொஞ்சம் கூடவே போனோம். ஊதா நிறமெல்லாம் ஆகவில்லை. பிளக்கில் இருந்த பொடி உண்மை, அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிந்தபோது விரலை எடுக்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவருக்கே தெரியாது. எடுத்தேன். இனியும் எடுப்பேன். அதை நம்பி, கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே கண்ணு.

சித்தி